முறிகண்டியில் கை முறியாமல் பூட்டுப் பழகுவது

முறிகண்டிப் பிள்ளையாரடியில் இருந்து உள்வீதியால் ஒன்றரைக் கிலோமீற்றர் வந்தால் எங்கள் கொட்டகை. ஜூடோ என்கிற ஜப்பானிய மல்யுத்தத்தின் பூட்டுப்பிடிகளை நான் அங்கே பழக்குகிறேன். முன்பு நெல் மூட்டை அடுக்கிய இடம். ஏ9 வீதியால் போகிற பஸ்கள் பிள்ளையாரடியில் நிற்கும். சனம் இறங்கித் தேங்காய் உடைத்துக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறும். "முறிகண்டியில் ஒரு ரீச்சர் கை முறிக்கப் பழக்குகிறாராம்" என்று பகிடியைக் கிளப்பிவிட்டவர் அந்தப் பஸ்களில் ஒன்றின் நடத்துனர். பகிடி ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் ஒரு பிள்ளையின் தாய் வாசலில் நின்று, "உண்மையாகவே முறிப்பீர்களா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஆறு வருடத்தில் எங்கள் கொட்டகையில் ஒரு கையும் முறியவில்லை. எனக்குத் தெரிந்து கெட்டுப்போன முழங்கை ஒன்றே ஒன்று, அது என்னுடையது. கொழும்பில் படித்த காலத்தில் ஜூடோ பழகினேன். ஒரு மாலை, என்னைவிட இருபது கிலோ கூடிய மூத்த மாணவர் ஒருவர் என் வலது கையைப் பூட்டி, நான் 'போதும்' என்று தட்டுவதற்கு முன்பே வெட்டி இழுத்தார். பச்சை மட்டை முறிகிற சத்தம். இன்றைக்கும் அந்தக் கை முழுதாக நிமிராது. கிணற்றில் வாளி இழுக்கும்போது ஞாபகப்படுத்தும். நான் எழுதப்போவது எல்லாம் அந்த ஒரு விநாடியைச் சுற்றித்தான்.

நின்று எறிகிற வித்தையை இங்கே விட்டுவிடுகிறேன். இரண்டு பேரும் விழுந்த பிறகு தரையில் நடப்பதைப் பற்றி மட்டும். கானோ ஜிகோரோ 1882இல் தோக்கியோவில் கோதோகான் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி ஜூடோவை வகுத்தபோது தரைப் பிடிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: அழுத்தி வைத்திருப்பது, நெரிப்பது, மூட்டைப் பூட்டுவது. 1914இல் பிரேசிலில் போய் இறங்கிய மித்சுயோ மயேதா இதை அங்கே கொண்டுபோனார். பிரேசில்காரர் தரை வித்தையை மட்டும் எடுத்து அதையே ஒரு கலையாக வளர்த்துக்கொண்டார்கள். நாங்கள் பூட்டு என்று சொல்வதை அவர்கள் தங்கள் போர்த்துக்கேய மொழியில் சாவி என்கிறார்கள். தமிழகத்தார் சொல்லும் அதே சாவிதான். நாங்கள் திறப்பு என்று சொல்லிப் பழகியதால் உறவு தெரிவதில்லை. ஆனால் எங்களிடமும் ஒரு போர்த்துக்கேயச் சொல் மாட்டிக்கொண்டிருக்கிறது: அலவாங்கு. அந்த மொழியில் அதற்கு நெம்புகோல் என்று பொருள். பூட்டுப்பிடியின் முழு வித்தையும் அந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கிறது.

முதலில் தரை. சீமெந்தில் பழகக்கூடாது. நாங்கள் தொடக்கத்தில் வைக்கல் பரப்பிப் படங்கு விரித்தோம். மூன்றாம் நாள் படங்குக்குக் கீழே இருந்து தேள் வந்தது, வகுப்பு ஓடிவிட்டது. பிறகு பழைய ரயர்களை நெருக்கமாக அடுக்கி, மேலே பலகை பரப்பி, மரக்காலையில் இருந்து நான்கு சாக்கு மரத்தூள் வாங்கிக் கொட்டி, அதன் மேல் படங்கை இழுத்துச் சுற்றிவரக் கயிற்றால் கட்டினோம். படங்கு தொய்ந்தால் கால்விரல் சிக்கும். அதனால் ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னர் கயிற்றை இறுக்க வேண்டும். உமி வேண்டாம். ஆலையில் சும்மா கிடைக்கிறதே என்று ஒருமுறை கொட்டினோம்; தையல் இடுக்கால் வெளியே வந்து இரண்டு கிழமை எல்லோரையும் சொறிய வைத்தது.

அடுத்தது தட்டுவது. பிடியில் அகப்பட்டவர் இனிப் போதும் என்று நினைத்தால் கையால் இரண்டு மூன்று தரம் தட்டுவார். மற்றவர் அந்தக் கணமே விட வேண்டும். புத்தகங்களில் தரையில் தட்டலாம் என்று இருக்கும். எங்கள் தரையில் முடியாது. மரத்தூள் சத்தத்தை விழுங்கிவிடும். அத்துடன், போரில் செல் குண்டு விழுந்து ஒரு காது கேளாமல் போன ஒருவர் எங்கள் வகுப்பில் இருக்கிறார். ஆகவே எங்கள் சட்டம்: மற்றவரின் உடம்பில் தட்டு, அவருக்கு உறைக்கும்படி தட்டு. இரண்டு கையும் பிடிபட்டிருந்தால் காலால் தட்டு. வாயாலும் சொல். ஜப்பானில் 'மைத்தா' என்பார்கள், தோற்றேன் என்று பொருள். என் பிள்ளைகளின் காதில் அது 'மாட்டேன்' என்று விழுந்தது. மாட்டேன் என்கிறவனை விடுவதா இன்னும் இறுக்குவதா என்று ஒரே குழப்பம். அதனால் எங்கள் சொல் 'போதும்'.

தட்டப் பழகுவது பூட்டப் பழகுவதைவிடக் கடினம், குறிப்பாக ஆண்களுக்கு. அந்த நடத்துனர் போன வருடம் தானே வந்து சேர்ந்தார். முதல் மாதம் முடிகிற நேரம், பிள்ளையாரடியில் கச்சான் விற்கும் அக்கா அவர் கையைப் பூட்டினார். அக்காவுக்கு 52 வயது, என் தோளுக்குத்தான் வருவார். நடத்துனர் முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தட்டமாட்டேன் என்று கிடந்தார். அக்கா தானாகவே கையை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "தம்பி, நாளைக்கு எந்தக் கையால் டிக்கெட் கொடுப்பீர்?" என்று கேட்டார். அன்றில் இருந்து நடத்துனர் கொஞ்சம் கூடுதலாகவே தட்டுகிறார். அதில் பிழை இல்லை.

இனிப் பூட்டு. பூட்டுகள் எண்ணிக்கையில் ஏராளம். நான் கற்பிப்பது இரண்டு. அவற்றைச் சரியாகச் செய்யவே ஒரு வருடம் போகும்.

என் சிறுவயதில் அக்கராயனில் எங்கள் வளவில் துலாக் கிணறு இருந்தது. துலா என்கிற நீண்ட மரம் ஆடுகால் என்கிற தூணில் நிற்கும். நுனியில் கயிறும் வாளியும் தொங்கும். பின்பக்கம் பாரம் கட்டியிருக்கும். சின்னப்பிள்ளையும் தண்ணீர் அள்ளலாம். ஆடுகால் ஆடினால் பெரியவராலும் அள்ள முடியாது. முழங்கைப் பூட்டும் இதுதான். எதிராளியின் கை துலா, உங்கள் இடுப்பு ஆடுகால், அவருடைய மணிக்கட்டு நுனி. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நுனியைப் பிடித்து இழுப்பதில்தான் குறியாக இருப்பார்கள். ஆடுகாலை நட்டார்களா என்று யாரும் பார்ப்பதில்லை.

முதலாவது ஜூஜி-கதாமே, குறுக்குப் பூட்டு. ஜப்பானிய எழுத்தில் பத்து என்பது எங்கள் கூட்டல் அடையாளம் போலவே இருக்கும். அந்த எழுத்துக்கு 'ஜூ' என்று பெயர். இரண்டு உடல்களும் அப்படிக் குறுக்காகக் கிடப்பதால் இந்தப் பெயர்.

எதிராளி மல்லாந்து கிடக்கிறார், நீங்கள் அவர் வயிற்றுக்கு மேலே இருபக்கமும் முழங்காலூன்றி இருக்கிறீர்கள். தள்ளிவிடுவதற்காக அவர் வலது கையை உங்கள் நெஞ்சில் ஊன்றுகிறார். அந்தக் கை நீண்ட கணம்தான் உங்களுடைய கணம்; நீங்களாகப் போய் மடங்கிய கையைப் பிடுங்கப் போகாதீர்கள். உங்கள் இடது கையால் அவர் கையைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையைத் தூக்கி அணைப்பது போல. வலது கையை அவர் நெஞ்சில் ஊன்றிப் பாரத்தை அதில் போடுங்கள். இப்போது உடம்பை வலப்பக்கமாகத் திருப்பி, வலது காலை அவர் நெஞ்சுக்குக் குறுக்கே விட்டு, இடது காலை அவர் தலையைச் சுற்றி அந்தப் பக்கம் போடுங்கள். முகத்தில் குதிக்கால் படக்கூடாது. பட்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

இங்கேதான் அவசரப்பட்டுப் பின்னால் சாய்வார்கள். சாயாதீர்கள். குந்தியபடியே, உங்கள் இருப்பிடம் அவர் தோளோடு முட்டும்வரை நெருங்கி உட்காருங்கள். நான் வகுப்பில் 80 பக்கக் கொப்பி ஒன்றை வைத்துக்கொண்டு சுற்றுவேன். ஒவ்வொரு சோடியிடமும் போய், தோளுக்கும் இருப்பிடத்துக்கும் நடுவில் அந்தக் கொப்பியைச் செருகிப் பார்ப்பேன். கொப்பி உள்ளே போனால் அது பூட்டு இல்லை, திரும்பவும் முதலில் இருந்து. கணிதம் படிப்பிக்கிறவளின் பழக்கம், அளக்காமல் நம்பமாட்டேன். அந்த இடைவெளி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அவர் முழங்கையை உள்ளே இழுத்து உங்கள் இடுப்பைத் தாண்டி இறக்கிவிட்டால், நுனியில் யானை கட்டி இழுத்தாலும் முழங்கைக்குப் பாரம் ஏறாது. ஆடுகாலைத் தாண்டி மூட்டு வெளியே நிற்க வேண்டும்.

பிறகு முழங்கால்கள். இரண்டு முழங்காலும் அவர் மேற்கையை நடுவில் வைத்து ஒன்றை ஒன்று பார்த்து இறுக வேண்டும். குதிக்கால்கள் தரையை நோக்கி அழுத்த வேண்டும். முழங்கால் விரிந்தால் அவர் கையைத் திருகி, உருண்டு எழும்பிவிடுவார். பிறகு அவர் பெருவிரலைப் பாருங்கள். அது கொட்டகையின் கூரையைப் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் முழங்கையின் முனை உங்கள் இடுப்பின் பக்கம் இருக்கும். மணிக்கட்டை உங்கள் நெஞ்சில் ஒட்டி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இனித்தான் மெதுவாகச் சாயுங்கள். முதுகு தரையில் பட்ட பிறகு எல்லாம் நிற்க வேண்டும். வாய்விட்டு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். பிறகு இடுப்பை மேலே தூக்குங்கள், ஒரு அங்குலம். பெரும்பாலும் அரை அங்குலத்திலேயே தட்டு வந்துவிடும். கையை இழுக்கவே வேண்டாம். இடுப்பு மேலே வருவதுதான் பூட்டு. என் முழங்கையைக் கெடுத்தவர் செய்தது, சாய்வதையும் தூக்குவதையும் ஒரே அசைவாகச் செய்தது. அந்த எண்ணிக்கையை நான் வைத்தது அதனால்தான். போட்டிக்குப் போகிறவர்கள் இப்படி எண்ணிக்கொண்டு இருக்கலாமா என்று கேட்பார்கள். போட்டிக்குப் போகிற அன்று எண்ண வேண்டாம்.

அகப்பட்டவர் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு விடமாட்டேன் என்பார். கையோடு கை மல்லுக்கட்டினால் நீங்கள்தான் களைப்பீர்கள். உங்கள் முழங்கை மடிப்பை அவர் முன்கையில் கொளுவி, அவர் தலைப்பக்கம் சரிவாகச் சாய்ந்து உங்கள் முழு உடம்பின் பாரத்தையும் கொடுங்கள். கோத்த விரல்கள் ஒன்று ஒன்றாகக் கழரும். கழன்ற வேகத்தில் முழங்கைக்கு அடி விழாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு. அவர் உங்களையும் தூக்கிக்கொண்டு எழும்ப முயன்றால் பயிற்சியில் விட்டுவிடுங்கள். அது பயிற்சி மட்டுமே, அதற்காக யாரும் தலைகீழாக விழத் தேவையில்லை.

இரண்டாவது உதே-கராமி, மடக்குப் பூட்டு. இது தோளில் உறைக்கும். எதிராளி மல்லாந்து கிடக்க, நீங்கள் அவருடைய வலப்பக்கம் இருந்து நெஞ்சுக்கு நெஞ்சு குறுக்காகப் படுத்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்து இடது கை மடங்கி, புறங்கை தரையில், விரல்கள் அவர் தலைப்பக்கம் பார்த்தபடி கிடக்கிறது. தலைக்குக் கிட்ட உள்ள உங்கள் இடது கையால் அவர் மணிக்கட்டைத் தரையோடு அழுத்துங்கள். வலது கையை அவர் மேற்கைக்குக் கீழால் விட்டு, உங்களுடைய இடது மணிக்கட்டையே பிடியுங்கள். உங்கள் நெஞ்சு அவர் நெஞ்சை விட்டு எழும்பக்கூடாது. இனி அவர் புறங்கையைத் தரையில் இருந்து எடுக்காமல் அவர் இடுப்புப் பக்கம் இழுத்து வாருங்கள். வரவர அவர் முழங்கையைச் சற்று உயர்த்துங்கள். அம்மம்மா சாணம் போட்டுத் தரை மெழுகுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, அந்தக் கைவீச்சுத்தான். புறங்கை தரையை விட்டு எழும்பினால் மெழுகு சரியில்லை.

இதே பூட்டைக் கை கீழ்ப்பக்கம், அதாவது இடுப்புப் பக்கம் மடங்கியிருக்கும்போது போட்டால் பிரேசிலில் அதற்குக் கிமுரா என்று பெயர். 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, பிரேசில்காரரின் தரை வித்தைப் பள்ளியைச் சேர்ந்த எலியோ கிரேசியை இந்தப் பூட்டால் பிடித்தார். கை முறிந்தும் கிரேசி தட்டவில்லை. அவருடைய பக்கத்தில் நின்றவர்கள்தான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். தோற்றவர்களின் பள்ளிதான் வென்றவரின் பெயரைப் பூட்டுக்கு வைத்து இன்றுவரை காப்பாற்றுகிறது. என் மாணவர்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். கிரேசி தட்டாமல் கிடந்த பகுதியைச் சொல்லும்போது மட்டும் நான் நடத்துனரைப் பார்ப்பேன்.

நெரிப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்னால் இருந்து கழுத்தைச் சுற்றிப் பிடிக்கும் ஹதாக்கா-ஜிமேயில் பாரம் கழுத்தின் இரண்டு பக்கத்து நாளங்களிலும் விழ வேண்டும், குரல்வளையில் அல்ல. சரியாக விழுந்தால் சில விநாடிகளிலேயே ஆள் மயங்குவார். அதனால்தான் எங்கள் கொட்டகையில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நெரிப்பு இல்லை, நான் பக்கத்தில் இல்லாமல் யாருக்கும் இல்லை. உடம்பு தளர்ந்தது தெரிந்தால் தட்டை எதிர்பார்க்காமல் விடுங்கள். தெளிந்து எழும்பினாலும் அவருக்கு அன்றைய பயிற்சி முடிந்துவிட்டது.

கால் பூட்டு நான் கற்பிப்பதில்லை. ஜூடோப் போட்டியில் பூட்டுவதற்கு அனுமதி முழங்கைக்கு மட்டும்தான். குதிக்காலைப் பிடித்துத் திருகுகிற பிடியில் முழங்காலின் நார்கள் அறுந்த பிறகுதான் நோவு தெரியும். அதற்குப் பிறகு தட்டி என்ன பயன்? கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு வந்து கேட்கிற இளைஞர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. வயல் உழவுக்குப் போகிறவனுக்கு முழங்கால் வேண்டும்.

வன்னியில் இந்த வித்தையைக் கற்பிக்கிறவர் வேறு எங்கும் கேட்கத் தேவையில்லாத ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். முப்பத்தைந்தைத் தாண்டிய ஒருவர் சேர வந்தால், "உடம்பில் எங்கே துண்டு இருக்கிறது?" என்பேன். போரில் பாய்ந்த செல் துண்டைத்தான் கேட்கிறேன். இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். எங்கே என்று கேட்டால்தான் சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். முன்கையில் தகடு வைத்த ஒருவர் இருக்கிறார். அந்தக் கையில் சிவப்புத் துணி கட்டியிருப்பார், அதை யாரும் பூட்டக்கூடாது. வலது முழங்காலுக்குக் கீழே இல்லாத இன்னொருவர், பொய்க்காலைக் கழற்றி வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் சாத்திவைத்துவிட்டுத் தவழ்ந்து வருவார். தரையில் அவரைப் புரட்டுவது பெரும்பாடு. குறுக்குப் பூட்டில் அவர் எப்போதும் எதிராளியின் வலது கையைத்தான் எடுப்பார். முகத்துக்கு மேலே போகிற இடது கால் முழுதாக இருக்கிறது, நெஞ்சுக்குக் குறுக்கே அழுத்த வலது தொடை போதும். இதை நான் அவருக்குக் கற்பிக்கவில்லை. அவர்தான் எனக்குக் காட்டினார்.

எவ்வளவு கவனித்தாலும் முழங்கை சிலவேளை நோகும். அன்றிரவு எண்ணெய் போட்டு உருவாதீர்கள். ஐஸ்பழக் கடையில் ஐஸ் வாங்கித் துணியில் சுற்றி, கால் மணித்தியாலம் வைத்து எடுங்கள். வீங்கினாலோ, காலையில் கை நிமிராவிட்டாலோ, விரல் விறைத்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். முறிவு நெரிவு வைத்தியரிடம் புக்கை கட்டப் போகிறவர்களை நான் தடுப்பதில்லை, என் அம்மாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் எக்ஸ்ரே முதலில், புக்கை பிறகு. காலபோக அறுவடை தொடங்கிவிட்டால் மூன்று கிழமைக்குக் கொட்டகையைப் பூட்டிவிடுவேன். பகல் முழுவதும் மூட்டை தூக்கிய தோளை மாலையில் யாரும் பூட்டக்கூடாது. திறப்பு கச்சான் அக்காவிடம் இருக்கும். படங்கை வெயிலில் போட்டுத் தட்டுவது அவர் பொறுப்பு.